டாக்டர் ரங்கநாதன்: தொண்டர்க்கு நூல்நிலையம் வகுத்தவர்

ஒரு கொடுமையை ஒழிக்கக் கச்சை கட்டிப் புறப்படுவோர்க்கு ஆர்வம் வேண்டும், தியாகம் வேண்டும், ஓரளவு நாவன்மையும் வேண்டும். இம்மூன்றும் தமிழ்நாட்டில் எக்காலத்தும் பஞ்சப்பட்டனவல்ல. பஞ்சப்பட்டது நான்காவதான ஒன்று. கேட்டவுடன் எடுத்துக் காட்டத்தக்க சான்றுகளை ஓரிடத்தில் தொகுத்து, முறைப்படுத்தி, வேண்டுவோர்க்கெல்லாம் வழங்கும் ஏற்பாடே அது. கூட்டம் கூடுகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது, கரகோஷம் வானைப் பிளக்கிறது. மறுநாட் காலையில் சட்டசபை அங்கத்தினர் ஒருவர், நீவிர் கூறும் தீமை எந்த ஊரில், எந்த வருஷத்தில், எத்தனை பேர்க்கு நேர்ந்தது என்று வினவுவாராயின், மேடையில் முழங்கியோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். நியாயஸ்தலங்களில் பழகியோர் இதனை நன்கறிவர். நியாயம் முழுவதும் தம் பக்கத்தில் இருந்தும், உரிய தஸ்தாவேஜு அகப்படாமையால் தோற்ற கட்சிக்காரர் எண்ணிறந்தோர். பொதுநல இயக்கங்களின் கதியும் அதுவே.

இவ்வுண்மை எல்லா இயக்கங்களுக்கும் பொருந்துமாயினும், கண்ணிவெடி ஒழிப்பு இயக்கத்திற்கு மிகவும் பொருந்தும். துப்பாக்கியும் பீரங்கியும் யுத்தம் ஓய்ந்தால் ஓய்வன. கண்ணிவெடியோ, சமாதானம் கையெழுத்தான பின்பும் மண்ணுக்குள் விழித்துக் கொண்டேயிருப்பது. சிப்பாயின் கால் இது, விறகு பொறுக்கும் சிறுமியின் கால் இது என்னும் பேதம் அதற்கில்லை. புதைத்தவன் புதைத்த இடத்தை எழுதி வையாமற் போனாலும், எழுதிய ஏடு தொலைந்து போனாலும், அவன் பேரன் காலத்திலும் அது கொல்லும். ஆகவே, கண்ணிவெடியின் முதல் தோழன் மறதி. அதன் முதற் பகை பதிவேடு. இலங்கையின் வட பாகத்தில் இரு தரப்பாரும் புதைத்த வெடிகளை அகற்றும் வேலை, 2009-ல் யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்பும் முடிந்தபாடில்லை. கொட்டிவாக்கத்துக் கரையில் நாம் நின்று நோக்கும் கடலே முல்லைத்தீவின் கரையிலும் அலை வீசுகின்றது. இக்கொடுமையைக் குறித்துத் தமிழில் பேசவும் எழுதவும் வாதாடவும் முன்வரும் தொண்டர்க்கென ஒரு நூல்நிலையம் கொட்டிவாக்கத்தில் அமைதல் வேண்டுமென்பது நமது துணிபு. அதனை அமைக்கும் வழியைத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்து உலகுக்கு வகுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர். அவரே டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன். அன்னார் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

இளமை

சீர்காழி ராமாமிருத ரங்கநாதன் 1892-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த சீர்காழியில் பிறந்தார். தந்தையாராகிய ராமாமிருத ஐயர் நிலபுலமுடைய குடும்பத்தினர். மகனுடைய சிறு பிராயத்திலேயே அவர் காலஞ்சென்றார். ஞானசம்பந்தர் அவதரித்த அப்பதியின் உயர்தரப் பாடசாலையில் கல்வி கற்ற பின், ரங்கநாதன் சென்னைக் கிறிஸ்துவ கலாசாலையை அடைந்து கணித சாஸ்திரத்தைப் பயின்றார். 1913-ல் பி. ஏ. பட்டமும் 1916-ல் எம். ஏ. பட்டமும் பெற்றார். அக்கலாசாலையில் கணிதப் பேராசிரியராயிருந்த எட்வர்டு ராஸ் என்னும் ஸ்காத்லாந்தியரைத் தம் குருவாக அவர் இறுதிவரை போற்றினார். இளமையில் பேச்சில் திக்கல் இருந்தது; விடாப்பயிற்சியால் அதனைப் பெரிதும் வென்றார். வாயாற் பேச இடர்ப்பட்ட ஒருவர் உலகத்து நூல்களையெல்லாம் பேச வைத்தது இறைவன் திருவிளையாடலே போலும்!

1917 முதல் மங்களூரிலும், பின்னர்க் கோயமுத்தூரிலும், 1921 முதல் சென்னை ராஜதானிக் கலாசாலையிலும் அவர் கணிதம் போதித்தார். மாணவரைத் தாமே ஆராயுமாறு தூண்டி, நூல்களைத் தேடச் செய்து, அவர் கண்டறிந்ததைக் கொண்டு பாடம் நடத்துவது அவருடைய வழக்கம். அந்நாளில் உபாத்தியாயர் சம்பளம் சொற்பம். அக்குறையே அவர் வாழ்க்கையை வேறு திசையில் திருப்பியது.

விரும்பாது ஏற்ற பதவி

சென்னைச் சர்வகலாசாலை தன் நூல்நிலையத்திற்கு ஒரு தலைவரை நியமிக்க எண்ணி விளம்பரம் செய்தது. சம்பளம் நல்ல சம்பளம். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பித்தனர், ஒருவர்க்கும் நூல்நிலைய சாஸ்திரத்தில் முறையான பயிற்சி கிடையாது. நண்பர் வற்புறுத்தலால் விண்ணப்பித்த ரங்கநாதனுக்கே பதவி கிடைத்தது. 1924-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அவர் வேலையை ஏற்றுக் கொண்டார். ஏற்ற சில நாட்களிலேயே அவருக்கு மனம் கசந்தது. வாசகர் வருவதில்லை, பேசுவாரில்லை, நூல்கள் அலமாரியில் உறங்கின, அவற்றைக் காத்துத் தாமும் உறங்க வேண்டியதாயிற்று. மாணவர் கூட்டத்தில் வாழ்ந்தவர்க்கு இத்தனிமை தாங்கவில்லை. அதிகாரிகளிடம் சென்று, மீண்டும் கணித உபாத்தியாயர் வேலைக்கே தம்மை அனுப்பிவிடுமாறு மன்றாடினார். அவர்களோ ஓர் உடன்பாடு செய்தனர். சீமைக்குச் சென்று இத்துறையைக் கற்று வருக. வந்த பின்பும் பிடிக்கவில்லையாயின் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்பது அவ்வுடன்பாடு.

அங்ஙனமே 1924-ல் இங்கிலாந்து சென்று, லண்டன் யூனிவர்ஸிட்டி கலாசாலையின் நூல்நிலையப் பள்ளியில் சேர்ந்தார். ஆங்கே பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் பாடம் கேட்டார். சேயர்ஸ் குரோய்டன் நகரத்துப் பொது நூல்நிலையத்தின் தலைவர். பாடத்தினும் மிகுதியாக ரங்கநாதனுக்குக் கண் திறந்தவை அவர் நேரிற் சென்று கண்ட நூல்நிலையங்களே. தொழிலாளியும், குழந்தையும், கடைச் சிப்பந்தியும், வீட்டுப் பெண்மணியும் தடையின்றி உட்புகுந்து, வேண்டிய நூலைத் தாமே எடுத்துப் புரட்டும் காட்சியை அவர் ஆங்குக் கண்டார். சுதந்தரமுள்ள ஜனசமூகத்தின் வலிமை எங்கிருந்து பிறக்கின்றது என்பது அவர்க்கு விளங்கிற்று. இந்தியாவில் அரண்மனைகளிலும் மடங்களிலும் நூல்கள் இருந்தன. குடியானவன் கையில் இல்லை. கணிதத்தைப் பின்னும் பலர் போதிப்பர். இக்குறையைத் தீர்க்க ஒருவர் வேண்டும் என அவர் உறுதி கொண்டார். 1925-ல் தாய்நாடு திரும்பும்போது, எல்மோரா என்னும் கப்பலில் இருந்த புத்தகங்களை எடுத்துத் தாம் புதிதாகக் கருதிய முறையில் அடுக்கிச் சோதித்துப் பார்த்தார் என்பர். கரையிறங்கிய பின் பழைய வேலையைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஐந்து விதிகள்

அதுமுதல் இருபதாண்டுகள் சென்னைச் சர்வகலாசாலை நூல்நிலையமே அவருக்கு வீடும் கோயிலுமாயிற்று. ஓய்வு நாள் என்பதை அவர் அறியார். தம் விவாக தினத்திலும் நூல்நிலையத்திற்கு வந்து வேலை செய்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவதுண்டு. பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். வருவோரை எதிர்கொண்டு, அவர் தேடுவது யாதெனக் கேட்டு, உடனிருந்து தேடிக் கொடுக்கும் ஊழியரை நியமித்தார். எழும்பூரில் கன்னிமாரா நூல்நிலையத்தில் ஒதுங்கியிருந்த சர்வகலாசாலை நூல்கள் சேப்பாக்கத்திற்கு வந்து, 1936-ல் கடற்கரை ஓரத்துச் சொந்தக் கட்டிடத்தில் குடிபுகுந்தன.

பல்லாயிரம் சிறு வேலைகளுக்கெல்லாம் அடிப்படையான விதிகள் சில இருத்தல் வேண்டும் எனக் கணித அறிஞராகிய அவர் எண்ணினார். அவ்வாறு கண்டவை ஐந்து. முதல் விதி, நூல் பயன்படுத்தற்கு உரியதென்பது. காத்து வைத்தற்கு மட்டும் உரியதன்று என்பது அதன் உட்பொருள். அவ்வாசகத்தை அமைக்க உதவியவர் பேராசிரியர் ராஸே. வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவர்க்கு வேண்டிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதனை நாடும் வாசகரைத் தேடித் தருதல் வேண்டும் என்பது மூன்றாவது. வாசகர் காலத்தை வீணாக்கலாகாது என்பது நான்காவது. நூல்நிலையம் வளரும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது. 1928-ல் சிதம்பரத்தில் கூடிய கல்வி மகாநாட்டில் இவற்றை எடுத்து விளக்கி, 1931-ல் நூலாக வெளியிட்டார். அதற்கு முகவுரை எழுதியவர் ஸர் பி. எஸ். சிவசாமி ஐயர். கேட்பதற்கு எளியனவாயினும், இவ்வைந்தையும் மெய்யாக அனுஷ்டிக்கும் நூல்நிலையம் இன்றும் நம் நாட்டில் அரிதே.

மக்களிடையே

சர்வகலாசாலைச் சுவர்களுக்குள் அவர் அடைந்து கிடந்தாரல்லர். 1928-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்றிற்று. அதன் காரியதரிசியாக அவர் 1945 வரை உழைத்தார். 1929-ல் அச்சங்கத்தின் ஆதரவில் நூல்நிலைய ஊழியர்க்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஈராண்டில் அதனைச் சர்வகலாசாலை ஏற்றுக் கொண்டது. இயக்கத்தின் வேகம் கிராமங்களிலும் பரவிற்று. 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் மாட்டு வண்டியொன்றில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பலானார். வண்டி மணியின் ஓசை கேட்டு உழவர் வந்து நூல் வாங்கிச் சென்றனர். படிக்கத் தெரியாதார்க்குப் பிறர் படித்துக் காட்டினர். புத்தகம் கிராமத்தானுக்கு எதற்கு என்று கேட்டோர்க்கு அவ்வண்டியே விடையாயிற்று.

தர்மப் பிரபுக்களின் தயவால் மட்டும் நூல்நிலையங்கள் நிலைத்து வாழா எனக் கண்ட ரங்கநாதன், சட்டத்தின் துணையை நாடினார். 1930-ல் காசியில் கூடிய ஆசியக் கல்வி மகாநாட்டின் முன் மாதிரி மசோதா ஒன்றைச் சமர்ப்பித்தார். அதுமுதல் பல முறை முயன்றும் காரியம் கைகூடவில்லை. சுதந்தரம் வந்த பின்பே, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-ல் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் மாகாண சட்டசபை ஒன்று இயற்றிய இத்தகைய சட்டங்களில் சென்னைச் சட்டம் வழிகாட்டியாக விளங்கிற்று. வீட்டு வரியோடு நூல்நிலைய வரியையும் சேர்த்து வசூலித்து, ஜில்லாதோறும் நூல்நிலையங்களை நடத்த அது வழி செய்தது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே கருத்தைப் பற்றி நின்று, மசோதாவை எழுதியும் திருத்தியும், மந்திரிகளை மாறி மாறிக் கண்டும், சலியாது உழைத்த இவ்வரலாறு தொண்டர்கள் மனப்பாடம் செய்யத்தக்கது. அவர் வென்றது ஆவேசத்தால் அன்று. எவரும் எவ்வினாவை எழுப்பினும் அதற்குரிய விடை அவர் கையில் எழுத்து வடிவில் ஆயத்தமாக இருந்தது.

பகுக்கும் கலை

ரங்கநாதன் பெயரைக் கடல் கடந்து கொண்டு சென்றது அவர் 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை. லண்டன் கடையொன்றில் குழந்தைகள் விளையாடும் மெக்கானோ என்னும் பொம்மைத் தொகுதியை அவர் கண்டார். சில பட்டைகளையும் திருகாணிகளையும் பலவாறு இணைத்து, வண்டி, பாலம், தூக்கு யந்திரம் எனப் பல பொருள்களைச் சமைக்கலாம். அறிவுத் துறைகளையும் அங்ஙனமே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்தால் எந்த நூலுக்கும் உரிய இடத்தைக் குறித்து விடலாமே என்னும் எண்ணம் அவர்க்கு உதித்தது. பொருள், அதன் மூலப்பொருள், அதன்மேல் நிகழும் வினை, இடம், காலம் எனக் கூறுகளை ஐந்தாக வகுத்தார்.

இதன் பயனை நம் விஷயத்தில் வைத்தே காட்டுவோம். கிளிநொச்சியில் 2010-ல் பெண்கள் கண்ணிவெடி அகற்றும் வேலையில் ஈடுபட்டதைப் பற்றி ஒரு கட்டுரை கிடைத்தது என்று கொள்வோம். அதனைக் கண்ணிவெடி என்னும் தலைப்பில் மட்டும் வைத்தால், பெண்கள் தொழில் பற்றித் தேடுவோர்க்கு அது அகப்படாது. கிளிநொச்சி என்று மட்டும் வைத்தால், அகற்றும் முறைகளை ஆராய்வோர்க்கு அது மறைந்து போம். கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் கீழும் ஓர் அட்டை எழுதி வைத்தால், எவ்வழியே வந்தவரும் அக்கட்டுரையை அடைவர். இலங்கைத் தமிழர் மிதிவெடி என்று வழங்குவதை நாம் கண்ணிவெடி என்கிறோம். ஒரு சொல்லைத் தேடி வருவோர்க்கு மற்றைச் சொல்லையும் காண்க என்று வழிகாட்டும் அட்டை இல்லையேல், பாதிச் சான்று கண்முன் இருந்தும் இல்லாததாகவே முடியும். கோலன் முறையின் குறியீடுகள் கடினமென்று பல நூல்நிலையங்கள் அதனை ஏற்காமல் விட்டது உண்மை. ஆயினும், பொருளைக் கூறு கூறாகப் பகுக்கும் அவர் கருத்து உலகெங்கும் நூல்நிலைய சாஸ்திரத்தை மாற்றியமைத்தது.

உலக அரங்கில்

1945-ல் சென்னைப் பதவியை விட்டு நீங்கிய ரங்கநாதனை, அப்போது காசி ஹிந்து சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைத்துக் கொண்டார். ஆங்கே ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களைத் தாமே பகுத்து முடித்தார். 1947 முதல் டில்லி சர்வகலாசாலையில் போதித்தார். 1948-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் நூல்நிலையத்தைப் பற்றி ஆலோசனை கூறிய நிபுணர் குழுவிலும் இடம் பெற்றார். சர்வதேச ஆவணச் சம்மேளனத்தில் பகுப்பாராய்ச்சிக்குப் பொறுப்பேற்றுப் பல்லாண்டு வழிகாட்டினார்.

அச்சம்மேளனத்தின் பிறப்பு நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. 1895-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பால் ஓட்லே என்பவரும் ஹென்றி லா பொந்தேன் என்பவரும் சேர்ந்து அதனை நிறுவினர். லா பொந்தேன் வக்கீல். பெல்ஜியத்து மேற்சபை அங்கத்தினர். 1907 முதல் 1943-ல் இறக்கும்வரை சர்வதேச சமாதானக் காரியாலயத்தின் தலைவர். 1913-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். தேசங்கள் தம் வழக்குகளை மத்தியஸ்தத்தால் தீர்த்துக் கொண்ட வரலாறுகளைத் தொகுத்து 1902-ல் அவர் வெளியிட்டார். சமாதானம் பற்றிய நூல்களின் பட்டியலை 1904-ல் வெளியிட்டார். யுத்தம் தவிர்க்க முடியாதது என்போர்க்கு, தவிர்க்கப்பட்ட சண்டைகளின் பட்டியலையே எடுத்து நீட்டினார். யுத்த எதிர்ப்பாளரே உலக ஆவணக் கலையின் தந்தையருள் ஒருவராயினார் என்பதையும், அவர் நட்ட மரத்தைப் பேணியவர்களுள் நம் சீர்காழியாரும் ஒருவர் என்பதையும் தொண்டர்கள் சிந்திப்பாராக.

அண்மைக் காலத்தில் கண்ணிவெடி எதிர்ப்பாளர் நடந்ததும் இவ்வழியிலேயே. 1992-ல் ஆறு ஸ்தாபனங்கள் சேர்ந்து சர்வதேச இயக்கமொன்றைத் தொடங்கின. ஐந்தே ஆண்டுகளில், 1997 டிஸம்பரில், கானடாவின் ஒட்டாவா நகரில் மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அவ்வருஷத்து நோபல் சமாதானப் பரிசு அவ்வியக்கத்திற்கும் ஜோடி வில்லியம்ஸ் அம்மையார்க்கும் கிடைத்தது. 1999-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், இயக்கத்தார் கலைந்து வீடு செல்லவில்லை. எந்தத் தேசம் வெடியை அழித்தது, எது புதைத்தது, எங்கே எத்தனை பேர் இறந்தனர், எத்தனை பேர் அங்கம் இழந்தனர் என்பவற்றை ஆண்டுதோறும் திரட்டி அறிக்கையாக வெளியிடலாயினர். அரசாங்கங்கள் அஞ்சுவது அவ்வறிக்கைக்கே.

யாழ்ப்பாணத்துப் பாடம்

ரங்கநாதன் வாழ்க்கையில் ஈழத்தோடு பிணைந்த ஓர் அத்தியாயமும் உண்டு. 1933-ல் கே. எம். செல்லப்பா என்னும் யாழ்ப்பாணத்து அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நூல்நிலையம் வளர்ந்து, பொது நூல்நிலையமாயிற்று. அதற்குப் பெருங் கட்டிடம் எழுப்ப 1950-களில் முயன்றபோது, உலகத் தரத்திற்கேற்ப அதனை அமைக்க ஆலோசனை கூறியவர் ரங்கநாதனே. நூல்நிலையம் 1959-ல் திறக்கப்பட்டது. 1981-ம் வருஷம் மே மாதம் 31-ம் நாள் இரவில் அது கொளுத்தப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அக்கொடுமையைக் காண ரங்கநாதன் உயிரோடில்லை. பிற்காலத்தில் கட்டிடம் புதுப்பிக்கப்பட்டது. எரிந்த ஏடுகள் மீளவில்லை. ஒரே பிரதியாக ஓரிடத்தில் வைக்கப்பட்ட அறிவு ஒரு தீக்குச்சிக்கு இரையாகும் என்பது அப்பெருந்துயர் புகட்டும் பாடம். அதனை உணர்ந்தே, 2005-ல் ஈழத்தமிழ் அன்பர்கள் நூலகம் என்னும் பெயரால் தம் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் படியெடுத்து உலகெங்கும் கிடைக்கச் செய்தனர்.

இறுதி நாட்கள்

தம் ஊழியத்தால் ஈட்டிய பொருளையும் ரங்கநாதன் தமக்கென வைத்துக் கொள்ளவில்லை. சென்னைச் சர்வகலாசாலையில் நூல்நிலைய சாஸ்திரப் பேராசிரியர் பதவி ஏற்படுத்த, தம் மனைவியார் சாரதா அம்மையார் பெயரால் ஒரு லட்ச ரூபாயை வழங்கினார். உடுப்பது எளிய கதர், உணவு சொற்பம். 1957-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1962-ல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமான நிலையத்தை நிறுவினார். 1965-ல் இந்திய அரசாங்கம் அவரைத் தேசீய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கிற்று. உடனுழைத்தோரிடம் அவர் கண்டிப்புள்ளவர். தம்மைப் போலவே பிறரும் ஓய்வின்றி உழைக்க வேண்டுமென எதிர்பார்த்தமையால் சிலர் மனம் புண்பட்டதும் உண்டு. ஆயினும், அவர் பிறரிடம் கேட்டது எதுவும் தாம் செய்யாததன்று. 1972-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ம் நாள் பெங்களூரில் தமது எண்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் பிறந்த தினமாகக் கொள்ளப்படும் ஆகஸ்டு 12, இந்தியாவில் நூல்நிலைய ஊழியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நாம் செய்யத்தக்கது

நிற்க. பெரியோர் வரலாற்றைக் கூறிக் கைகூப்பி எழுந்து போவதால் பயனில்லை. கொட்டிவாக்கத்தில் நூல்நிலையம் அமைவதாயின், அவருடைய ஐந்து விதிகளே அதற்குச் சட்டமாகட்டும். பெரிய மாளிகை வேண்டுவதில்லை. பஸ் இறங்கி நடந்து செல்லத்தக்க தூரத்தில், ஓர் அறையும், இரு மேஜையும், மாலை முதல் இரவு வரை திறந்திருக்கும் கதவும் போதும். தொண்டர் பிழைப்புக்குரிய வேலை முடித்து வரும் நேரம் அதுவே. ஒட்டாவா ஒப்பந்தத்தின் முழு வாசகமும் அதன் தமிழாக்கமும், ஆண்டறிக்கைகளும், பாராளுமன்றத்தில் நிகழ்ந்த வினா விடைகளும், அங்கம் இழந்தோர்க்குரிய வைத்தியமும் ஜெய்ப்பூர்க் கால் முதலிய செயற்கை உறுப்புக்களும் பற்றிய நூல்களும், வெடியை இனங்காணச் சிறுவர்க்குக் கற்பிக்கும் படங்களும், பத்திரிகைத் துணுக்குகளும் அங்கே சேர்தல் வேண்டும். துன்புற்றோர் வாக்குமூலத்தை அவர்தம் சம்மதமின்றி வாங்கலாகாது, பெயரை வெளியிடலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, வருவோரிடம் என்ன தேடுகின்றீர் என்று வினவி உடனிருந்து உதவும் ஒருவர் வேண்டும். அவரில்லாத நூல்நிலையம் வெறுங்கிடங்கு.

எதிர்க்கட்சியின் வாதமும் அங்கே இருத்தல் வேண்டும். நம் தேசம் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இன்னும் சேரவில்லை. நீண்ட எல்லைகளைக் காக்கக் கண்ணிவெடி தேவைப்படுகின்றது என்பது அரசாங்கத்தின் வாதம். அதனைக் கட்டுப்படுத்தும் வேறோர் உடன்படிக்கைக்கு அது இசைந்துமுள்ளது. 2001-ன் இறுதியில் மேற்கெல்லை நெடுகப் புதைத்த வெடிகளால் பாஞ்சாலத்திலும் ராஜஸ்தானத்திலும் காஷ்மீரத்திலும் உழவரும் சிப்பாய்களும் பட்ட துன்பம் மறு பக்கத்துச் சான்று. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்தவனே வாதாடத் தகுதியுடையவன். எதிரியின் பிராதைப் படியாமல் நியாயஸ்தலத்துக்குச் செல்லும் வக்கீலை எவர் நம்புவர்?

வேலை அவசரமானது. இலங்கை 2017 டிஸம்பரில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. தன் மண்ணிலுள்ள வெடிகளை 2028 ஜூனுக்குள் அகற்றக் கடமைப்பட்டிருக்கிறது. அக்கடமை நிறைவேறுகின்றதா என ஆண்டுதோறும் கேட்பதற்குத் தமிழில் ஏடு வேண்டும். மற்றொரு புறம், ஐரோப்பாவில் ஐந்து தேசங்கள் 2025-ல் ஒப்பந்தத்தை விட்டு விலகத் துணிந்தன. முடிந்ததென்று எண்ணிய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வருகின்றது. பழைய சாட்சியங்களைப் பத்திரமாக வைத்திருப்போரே அதில் பேச முடியும்.

தென்சென்னைக்கு இது புதிய மரபன்று. அடையாற்றில் 1886-ல் கர்னல் ஆல்காட் தொடங்கிய நூல்நிலையம் உண்டு. பெஸன்ட் நகரில் மகாமகோபாத்தியாய சாமிநாதையர் பெயர் தாங்கிய நூல்நிலையம் உண்டு. தரமணியில் ரோஜா முத்தையா செட்டியார் தம் பொருளையெல்லாம் செலவிட்டுத் திரட்டிய நூல்களைக் காக்கும் ஆராய்ச்சி நூல்நிலையம் உண்டு. அடையாற்றுக்கும் தரமணிக்கும் அப்பால், கடலை நோக்கிக் கிடக்கும் கொட்டிவாக்கத்தில் மற்றொரு விளக்கு ஏற்றப்படட்டும். ஆங்குச் சேரும் ஒவ்வொரு தாளுக்கும் மறு பிரதி ஒன்று வேறோரிடத்தில் இருக்கட்டும். மண்ணுக்குள் மறைந்து கிடப்பதைத் தோண்டி எடுப்போர் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக நகர்கின்றனர். அவர்க்குத் துணை நிற்க விரும்பும் நம்மவர், நாளொன்றுக்கு ஓர் அட்டையாவது எழுதலாகாதா?